வெள்ளை வண்டியில் வட்டக் கீறல்கள்

அக்டோபர் 12, சனி

நேற்று ஆயுத பூஜை. வழக்கம்போல் வண்டிக்கு ஆறு இடங்களில் திருநீற்றுப் பட்டை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்தேன். பானட் நடுவில் ஒன்று, நான்கு கதவுகளிலும் கைப்பிடிக்கு மேலே ஒவ்வொன்று, டிக்கியில் ஒன்று. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் செய்வதுதான். பூஜை நாள் என்பதால் நேற்றுப் பட்டை சற்று அகலம்.

சனிக்கிழமை காலை அதைத் துடைப்பதும் நான்தான். எங்கள் அடுக்ககத்தின் பத்தொன்பது வண்டிகளையும் தினமும் துடைக்கிற ராக்கியப்பனை இந்த வேலைக்கு விடுவதில்லை. அவன் தொடக்கூடாது என்பதல்ல. அந்த அளவுக்கு முற்போக்கு எனக்கு உண்டு. பிரசாதம் தரையில் சிந்தி மிதிபடும் என்ற ஒரே காரணம்தான். ஈரம் பட்டால் திருநீறு குழைந்துவிடும். அதனால் உலர்ந்த பழைய பனியனை உருட்டி, அழுத்தி, சுற்றிச் சுற்றித் துடைப்பேன். கோயிலை எந்தப் பக்கமாகச் சுற்றுகிறோமோ அந்தப் பக்கமாக.

இன்று துடைத்து முடித்து நிமிர்ந்தபோது மணி ஏழு பத்து. மதிலுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே வந்த வெயில் பானட்டில் சாய்வாக விழுந்தது. அப்போதுதான் பார்த்தேன். வெள்ளைப் பெயின்டுக்குள் மயிரிழை மாதிரிக் கீறல்கள், ஒன்றுக்குள் ஒன்றாக வட்டம் வட்டமாக, சிலந்தி வலை போல.

மண்டி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது என் மனைவி ரங்கநாயகி பால் வாங்கிக்கொண்டு வந்தாள்.

“ஏனுங்க, பூஜை நேத்தே முடிஞ்சுதே. இன்னும் கும்பிட்டுட்டு இருக்கறீங்க?”

“அம்மிணி, இங்க வந்து பாரு. வட்டமா கீறல் தெரியுதா?”

குனிந்து பார்த்தாள். “பானட்ல லேசாத் தெரியுதுங்க. துணி பட்டா உளுகத்தான செய்யும். உங்களுக்கு எவ்வளவு தெரியுது?”

“வண்டி பூரா தெரியுது.”

அவள் அதற்குப்பின் வண்டியைப் பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்தாள்.

கணபதி பகுதியில் ஒரு பம்பு கம்பெனியில் முப்பத்துநான்கு ஆண்டுகள் தரப் பரிசோதகனாக இருந்தவன் நான். பூதக்கண்ணாடியில் தெரியாத வெடிப்பை வெறுங்கண்ணில் பிடித்து, வார்ப்பின் மேல் சிவப்பு மையால் வட்டம் போட்டுத் தள்ளியவன். சாதாரணக் கண்களுக்குக் கொஞ்சம்தான் தெரியும். அதில் வியப்பில்லை.

அக்டோபர் 13, ஞாயிறு

டார்ச் வாங்கினேன். ரங்கநாயகி என்னோடு வண்டியில் வர மறுத்துவிட்டுத் தனியாக டவுன் பஸ்ஸில் போனாள். பெண்களுக்கு இலவசம் என்று ஆனதிலிருந்தே அவளுக்கு வண்டியில் ஏற மனம் வருவதில்லை. சிக்கனமும் ஒரு வியாதிதான்.

அக்டோபர் 16, புதன்

முழு ஆய்வு முடிந்தது. டார்ச் ஒளியை எங்கே அடித்தாலும் அதைச் சுற்றி வட்டங்கள். கூரை, கதவு, டிக்கி, எதற்கும் விதிவிலக்கில்லை. நிறமும் முன்பிருந்த வெள்ளை இல்லை, பழுப்பேறிவிட்டது.

ஒப்பீட்டுக்காகப் பக்கத்து வண்டிகளிலும் டார்ச் அடித்தேன். எல்லாவற்றிலும் இருக்கிறது. எல்லா வண்டிகளையும் தொடுகிற கை ஒன்றுதான். முடிவு தானாகவே வந்துவிட்டது.

எங்கள் வீட்டு பிரிட்ஜிலும் இருக்கிறது. ராக்கியப்பன் பிரிட்ஜைத் துடைப்பதில்லை. இதைத் தனியாக ஆராய வேண்டும்.

மாலையில் வண்டியைப் பின்னால் எடுத்து நிறுத்தும்போது ஏழாம் எண் தூணருகே ‘டொக்’ என்று சத்தம். தரை சமமில்லை. பராமரிப்பு நோட்டில் எழுதிவைத்தேன். அதே இடத்தில் வண்டியின் பார்க்கிங் சென்சாரும் காரணமில்லாமல் கத்துகிறது. சர்வீஸில் சொல்லி அதைத் துண்டித்துவிட வேண்டும்.

அக்டோபர் 19, சனி

சென்சாரைத் துண்டித்தாயிற்று. நிம்மதி.

திருநீற்றைத் துடைத்த கையோடு ராக்கியப்பனைக் கூப்பிட்டேன்.

“ராக்கியப்பா, இதுல என்ன தெரியுது?”

தலையைச் சாய்த்துப் பார்த்தான். “நீங்க தெரியறீங்க சார்.”

“எனக்குப் பின்னால?”

“டியூப் லைட்டு தெரியுதுங்க.”

“லைட்டைச் சுத்தி?”

“பூச்சி பறக்குதுங்க சார்.”

எல்லாம் மழுப்பல். குறித்துக்கொண்டேன். அவன் துடைக்கும் முறையையும் தூணுக்குப் பின்னால் நின்று கவனித்தேன். தண்ணீரை ஊற்றித் தூசியை இறக்கிவிட்டு, ஈரத்துணியால் மேலிருந்து கீழே நேராக இழுக்கிறான். வட்டமாகத் துடைக்கவே இல்லை. கவனிக்கப்படுகிறோம் என்று தெரிந்து முறையை மாற்றிக்கொண்டிருக்கிறான்.

அக்டோபர் 22, செவ்வாய்

அடுக்ககத்து வாட்ஸாப் குழுவில் ஒருவர், பல் தேய்க்கும் பேஸ்ட் போட்டால் கீறல் போகும் என்று எழுதியிருந்தார். முழு டியூபையும் பானட்டில் போட்டுத் தேய்த்தேன். கீறல் போகவில்லை. வண்டி கிராம்பு வாசத்தோடு இருக்கிறது.

அக்டோபர் 24, வியாழன்

தேங்காய் எண்ணெய் என்றார் இன்னொருவர். தடவியதும் கீறல்கள் மறைந்தன. மகிழ்ச்சி.

அக்டோபர் 25, வெள்ளி

எண்ணெயில் ஊர்த் தூசியெல்லாம் ஒட்டிக்கொண்டது. அதன்மேல் பூனை ஒன்று நிதானமாக நடந்து போயிருக்கிறது. கழுவிவிட்டுத் திருநீறு வைத்தேன். கீறல்கள் திரும்பிவிட்டன.

அக்டோபர் 28, திங்கள்

வழக்கில் திருப்பம். காலை ஆறு மணிக்குக் கீழே போனபோது என் வண்டியின் பின்பக்கத்தில் குந்தியிருந்தான் ராக்கியப்பன். என்னைக் கண்டதும் கையிலிருந்த துணியை வாளிக்குள் போட்டான். வாடையே காட்டிக்கொடுத்துவிட்டது. தின்னர். பெயின்டைக் கரைக்கிற திரவம்.

“தின்னர் எதுக்குப்பா?”

“சும்மாதானுங்க சார்.”

பெயின்டைக் கரைக்கிற திரவத்தைச் சும்மா வைத்திருக்கிற ஒருவன். வண்டி பழுப்பேறியதன் காரணமும் விளங்கிவிட்டது.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. இந்த வருடப் பட்டாசு தரமில்லை. ஒவ்வொரு மத்தாப்பையும் சுற்றி ஒரு வளையம். தெருவிளக்குகளும் அப்படித்தான். மாநகராட்சிக்குப் புகார் எழுதினேன்.

நவம்பர் 3, ஞாயிறு

அடுக்ககச் சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் விசாரணை நடத்தினேன். ஐந்து கேள்விகள் கொண்ட மெமோவை ராக்கியப்பனிடம் கொடுத்தேன்.

“நீங்களே படிச்சுச் சொல்லுங்க சார். கண்ணாடி கொண்டாரல. கண்ணு மங்கிப்போச்சுங்க.”

தன் பார்வை மங்கல் என்று அவனே ஒப்புக்கொள்கிறான். அப்படியானால் வண்டியில் ஒன்றும் தெரியவில்லை என்று அவன் சொன்ன சாட்சியம் எப்படிச் செல்லும்? இதைத் தனிக் குறிப்பாக எழுதினேன். நான் எழுதி முடிக்கும்வரை அவன் நின்றான். நடுவில் ஏதோ சொல்லவும் வந்தான். கை காட்டி நிறுத்தினேன். விசாரணைக்கு ஒரு ஒழுங்கு உண்டு.

தின்னர் பற்றிய நான்காம் கேள்விக்கு அவன் பதில் சொல்லவில்லை. டீ கொண்டுவந்த ரங்கநாயகியைப் பார்த்தான். அவள் டீயைப் பார்த்தாள்.

“சொல்றதுக்கு வேற ஏதாச்சும் இருக்குதா?”

“ஒண்ணே ஒண்ணுதானுங்க சார். இந்தக் கட்டடத்து வண்டிகதான் எனக்கு. மில்லு மூடுனதுக்கப்பறம் வேற பொழப்பில்லீங்க. பாத்து எழுதுங்க.”

பார்த்துத்தான் எழுதினேன். இன்று முதல் என் வண்டியை அவன் தொடக்கூடாது. அவனை முழுவதுமாக நீக்குவது பற்றி டிசம்பர் 29 பொதுக்குழுவில், என் அறிக்கையின் பேரில் முடிவெடுக்கப்படும். தலைவர் மருதாசலம் அதற்குள் மாற்று ஏற்பாடே பேசிவிட்டார். அவருடைய தங்கை மகன் ஆப் மூலம் வண்டி கழுவும் கம்பெனி வைத்திருக்கிறானாம். நிர்வாகம் என்றால் இந்த வேகம் வேண்டும்.

ரங்கநாயகி ராத்திரி ரசத்தில் உப்புப் போடவில்லை.

நவம்பர் 9, சனி

அவிநாசி ரோட்டில் வண்டிக்குப் பாலிஷ் போடும் இம்ரான் கடைக்குப் போனேன். முப்பத்தைந்து வயதிருக்கும், பொறுமைசாலி. தலையில் கட்டும் விளக்கை மாட்டிக்கொண்டு அரை மணி நேரம் வண்டியைச் சுற்றி வந்தார்.

“வெள்ளை வண்டில இதக் கண்டுபுடிக்கறதே கஷ்டமுங்க சார். கருப்பு வண்டிக்காரங்கதான் அழுதுட்டு வருவாங்க. வெள்ளைக்கு வந்த மொத ஆளு நீங்கதான்.”

என் பணி அனுபவத்தைச் சுருக்கமாக, இருபது நிமிடத்தில் சொன்னேன்.

“வட்டமா இருக்குது பாத்தீங்களா? வட்டமாத் தேய்ச்ச கை இது,” என்றேன்.

“அப்படிச் சொல்ல முடியாதுங்க. கீறல் எந்தப் பக்கம் போனாலும் லைட்டச் சுத்தி வட்டமாத்தான் தெரியும். லைட்டுக்குக் குறுக்க இருக்கற கீறல் மட்டும் மின்னும், மத்தது மின்னாது. ஆனா எடத்தப் பாத்து ஒண்ணு சொல்லலாமுங்க.” ஒரு தாளில் வண்டியை வரைந்து ஆறு இடங்களில் புள்ளி வைத்தார். பானட் நடுவில் ஒன்று, நான்கு கதவுகளிலும் கைப்பிடிக்கு மேலே ஒவ்வொன்று, டிக்கியில் ஒன்று. “இந்த ஆறு எடத்துல மட்டும் ஏதோ பொடி போட்டுக் காஞ்ச துணில தேய்ச்ச மாதிரி இருக்குதுங்க. மத்த எடமெல்லாம் பரவால்ல. யாருன்னு நான் கேக்கலீங்க.”

“யாருன்னு எனக்குத் தெரியும்.”

“தெரிஞ்சா சரிதானுங்க.”

பண்பான மனிதர். பெயரைச் சொல்லும்படி வற்புறுத்தவில்லை.

ஆறு இடங்களைத் தேர்ந்தெடுத்துச் சிதைத்திருக்கிறான். திட்டமிட்ட செயல். பின் பம்பரின் இடது மூலையில் மஞ்சள் பெயின்ட் ஒட்டியிருக்கிறது என்றும் இம்ரான் சொன்னார். தீபாவளி மருந்தாக இருக்கும் என்றேன்.

நவம்பர் 10, ஞாயிறு

வண்டி வந்துவிட்டது. கழுவி, களிமண் மாதிரி ஒரு கட்டியால் உருட்டி அழுக்கெடுத்து, ஓரங்களில் டேப் ஒட்டி, முதலில் இரண்டடிச் சதுரத்தில் சோதித்துப் பார்த்து, பிறகு மெஷினால் முழுதும் பாலிஷ் போட்டிருக்கிறார்கள். பகலில் குறையே இல்லை. சோதித்துப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குகிற மனிதரை வெகுநாட்களுக்குப் பிறகு சந்தித்திருக்கிறேன்.

நிறுத்தும்போது டொக். தரையை இன்னும் சரிசெய்யவில்லை. நோட்டில் நான்காம் முறையாக எழுதினேன்.

நவம்பர் 15, வெள்ளி

பௌர்ணமி. நிலாவைச் சுற்றி மூன்று வளையங்கள். மழை வரும் என்று எல்லோரிடமும் சொன்னேன். வரவில்லை.

நவம்பர் 17, ஞாயிறு

இருட்டிய பிறகு டார்ச் அடித்துப் பார்த்தேன். வட்டங்கள் அத்தனையும் அப்படியே இருக்கின்றன. இம்ரானும் ஏமாற்றிவிட்டார்.

நவம்பர் 23, சனி

திருநீற்றைத் துடைத்துவிட்டு நேராக இம்ரான் கடைக்குப் போய்ச் சண்டை போட்டேன். மறுபடி பாலிஷ் போடு என்றேன். அவர் ஒரு சிறு கருவியைப் பெயின்டின் மேல் வைத்துக் கனம் பார்த்தார்.

“மேல் பூச்சு ஒரு தலைமுடி கனங்கூட இல்லீங்க சார். ஒவ்வொரு பாலிஷுக்கும் கொஞ்சம் போகும். சும்மா சும்மா தேய்ச்சா கீறலும் இருக்காது, பெயின்டும் இருக்காது. மத்த எடமெல்லாம் சுத்தமா இருக்குதுங்க. அந்த ஆறு எடத்துலதான் மறுக்கா லேசா ஆரம்பிச்சிருக்குது.”

“வண்டி பூரா வட்டம் தெரியுது. எனக்குக் கண்ணில்லையா?”

அவர் கருவியைக் கீழே வைத்தார். பிறகு என்னைக் கடைக்குள் ஜன்னல் இல்லாத ஸ்டோர் ரூமுக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தி, டார்ச்சை என் பக்கம் காட்டிப் பிடித்தார்.

“இப்ப லைட்டச் சுத்தி வட்டம் தெரியுதுங்களா?”

“நல்லாத் தெரியுது.”

“சார், இங்க வண்டியே இல்லீங்க.”

இது நாங்கள் பேசிக்கொண்டிருந்த விஷயத்துக்குச் சம்பந்தமில்லாதது. அதனால் இதற்குமேல் எழுதவில்லை.

நவம்பர் 25, திங்கள்

ஆறு இடங்களில் மறுபடி தொடங்கியிருக்கிறது என்றால், தடையை மீறி ராக்கியப்பன் வந்து போகிறான் என்று பொருள். வாசல் கேமராவின் இரண்டு வாரப் பதிவையும் ஓட்டிப் பார்த்தேன். என் வண்டியருகே நான் மட்டும்தான் வருகிறேன். கேமராவின் கோணம் சரியில்லை.

டிசம்பர் 13, வெள்ளி

கார்த்திகை தீபம். பால்கனிச் சுவர் நெடுக ரங்கநாயகி அகல் வைத்திருந்தாள். எண்ணெயில் கலப்படம், ஒவ்வொரு சுடரும் பூசணிக்காய் அளவுக்கு ஊதியிருந்தது.

“எத்தன வெளக்கு வெச்சிருக்கறேன், எண்ணுங்க பாக்கலாம்.”

“பதினொண்ணு.”

“இருவத்தேழுங்க.”

மறுபடி எண்ணினேன். பத்து வந்தது.

அவள் திரியைத் தூண்டிவிட்டுக்கொண்டே சொன்னாள். “நாளைக்கு ஒம்பது மணிக்குக் கண்ணாஸ்பத்திரி. டோக்கன் போட்டாச்சு. பஸ்லதான் போறோம்.”

டிசம்பர் 14, சனி

விடிந்ததும் திருநீற்றைத் துடைத்துவிட்டுப் போனேன். டாக்டரம்மாவுக்கு என் மகள் வயது.

“லைட்டைச் சுத்தி வட்டம் எவ்வளவு நாளா தெரியுது?”

“அது கார்லம்மா.”

“கார்ல மட்டுமா?”

“கார், பிரிட்ஜ், தெருவிளக்கு, நிலா.”

அவர் ஏதோ எழுதினார். ரங்கநாயகி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று நினைத்தேன். இல்லை.

இரண்டு கண்ணிலும் புரை. முற்றியிருக்கிறதாம். முதலில் வலது கண். வண்டி ஓட்டக் கூடாது.

டிசம்பர் 19, வியாழன்

ஆபரேஷன். பரிசோதகனைப் பன்னிரண்டு நிமிடத்தில் பரிசோதித்து முடித்துவிட்டார்கள்.

டிசம்பர் 22, ஞாயிறு

கருப்புக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு காலை ஏழு மணிக்குக் கீழே போனேன். இடது கண்ணை மூடினால் வண்டி வெள்ளை. வலது கண்ணை மூடினால் பழுப்பு. நாலைந்து முறை மாற்றி மாற்றி மூடிப் பார்த்தேன். எதிரே வந்த இரண்டாம் மாடி அம்மாள் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு வேகமாகப் போய்விட்டார்.

வெயில் சாய்வாக விழுந்தது. வலது கண்ணால் பார்த்தேன். கூரையில் ஒன்றுமில்லை. பக்கவாட்டில் ஒன்றுமில்லை. ஆறு இடங்களில் மட்டும், உள்ளங்கை அகலத்தில், மெல்லிய கீறல்கள்.

பாலிஷ் போட்டது நவம்பர் 10. ராக்கியப்பன் தொடக்கூடாது என்று தடை போட்டது அதற்கும் முன்னால். ஆபரேஷன் வாரத்தை விட்டால், நடுவில் ஐந்து சனிக்கிழமைகள். அந்த நாட்களில் இந்த ஆறு இடங்களையும் தொட்ட கை ஒன்றே ஒன்றுதான். கேமராவின் கோணம் சரியாகவே இருந்திருக்கிறது.

பிறகு தூணைப் பார்த்தேன். தூண்களுக்கு மஞ்சளும் கருப்புமாகப் பட்டை அடித்திருக்கிறோம். ஏழாம் எண் தூணில், முழங்கால் உயரத்தில், மஞ்சளின் மேல் வெள்ளைக் கோடுகள். எண்ணினேன். பதினொன்று. அவற்றுக்குக் கீழே, துடைத்துத் துடைத்து மஞ்சளே வெளிறிப்போன ஓர் இடம். வண்டியின் பின் பம்பரில் இடது மூலையில் மஞ்சள்.

தரை சமமாகத்தான் இருக்கிறது. ரசமட்டம் வைத்துப் பார்த்தேன்.

தூணை இடித்தவர் பெயரை ஒரு மாதம் நோட்டீஸ் போர்டில் போட வேண்டும் என்று போன சித்திரையில் விதி கொண்டுவந்தது நான். நகல் கோப்பில் இருக்கிறது. அழகான கையெழுத்து.

டிசம்பர் 23, திங்கள்

ராக்கியப்பன் வரும் நேரத்துக்கு, ஐந்தரைக்கே கீழே போய் நின்றேன். அவர் பக்கத்து வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“தின்னர் தூணுக்குத்தானா?”

“தூணுக்கும் பம்பருக்குமுங்க சார். மெமோ குடுத்ததுக்கப்பறம் தொடலீங்க.”

“எத்தனை நாளா?”

“ஆடியிலருந்துங்க. வாரத்துக்கு ரெண்டு வாட்டி இடிப்பீங்க. செக்ரட்டரி பேரே போர்டுல வந்தா நல்லாருக்குங்களா? அம்மாதான் ஒரு பாட்டில் வாங்கிக் குடுத்து, விடியறதுக்குள்ள தொடைச்சுரு, அவருக்குத் தெரிஞ்சா மானம் போயிருச்சுன்னு நாலு நாள் சோறு திங்க மாட்டாருன்னாங்க.”

அப்படியானால் அந்த நான்காம் கேள்விக்கான பதில் டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறது.

“விசாரணையில நீ சொல்லியிருக்கலாமே.”

“சொல்லலாம்னுதானுங்க வாயத் தொறந்தேன். நீங்க கையக் காமிச்சீங்க.”

அவர் துணியைப் பிழிந்தார்.

“உங்களுக்காகன்னு முழுசா நெனைச்சுக்காதீங்க சார். நீங்க ஓட்டறத நிறுத்திட்டா வண்டிய வித்துருவீங்க. எனக்கு ஒரு வண்டி கொறைஞ்சு போகும். இப்ப என்னடான்னா பத்தொம்பதும் போகப்போகுது.”

டிசம்பர் 27, வெள்ளி

பொதுக்குழுவுக்கான அறிக்கை. முதல் வரைவு: ‘கீறல்களுக்கான காரணங்கள் பன்முகத்தன்மை கொண்டவை.’ கிழித்தேன். இரண்டாம் வரைவு: ‘வழிபாட்டுச் சூழலில் ஏற்பட்ட உராய்வு.’ கிழித்தேன். மூன்றாம் வரைவு: ‘சில தொழில்நுட்ப மறுபரிசீலனைகளின் அடிப்படையில் இப்பொருளை ஒத்திவைக்கலாம்.’ இது நன்றாக இருக்கிறது. யாரும் தவறு செய்யவில்லை; யாருடைய வேலையும் போகவில்லை.

ரங்கநாயகி வாங்கிப் படித்தாள்.

“இதுல நீங்க எங்கீங்க இருக்கறீங்க?” என்று கேட்டாள்.

இன்று வண்டிக்குத் திருநீறு வைக்கவில்லை.

டிசம்பர் 29, ஞாயிறு

பொதுக்குழு. மாடியில் சாமியானாவுக்குக் கீழே பதினாறு பேர். ராக்கியப்பனையும் வரச்சொல்லியிருந்தார்கள். கடைசி வரிசை நாற்காலிகளுக்குப் பின்னால் வாளியோடு நின்றார். உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்.

மூன்றாம் வரைவைப் படித்தேன்.

மருதாசலம் எழுந்தார். “ஒத்திவெக்கறதெல்லாம் எதுக்குங்க? சென்னியப்பன் சார் முப்பத்துநாலு வருசம் கண்ணுல வெளக்கெண்ணெய உட்டுட்டுப் பாத்தவரு. அவரு கீறல்னா கீறல்தான். பாவப்பட்டு எழுதியிருக்கறாரு. ஆப்புக்காரங்க நாளைக்கே வரத் தயார். ஆளை மாத்தறதுக்குச் சம்மதிக்கறவங்க கையத் தூக்குங்க.”

கைகள் தூக்கப்பட்டன. எண்ணினேன். என் வலது கண் இப்போது தெளிவாக எண்ணுகிறது. பதிமூன்று.

ராக்கியப்பன் யாரையும் பார்க்கவில்லை. “சரிங்க,” என்று வாளியை எடுத்தார்.

“ஏழாம் தூணை இடிச்சது நான்,” என்றேன்.

யாருக்கும் விளங்கவில்லை. கூட்டத்தின் பொருள் பட்டியலில் தூண் இல்லையே என்றார் ஒருவர். சார் தமாஷ் பண்றார் என்றார் இன்னொருவர். என் கண்ணின் மேல் அவர்களுக்கு இருக்கும் நம்பிக்கை, முப்பத்துநான்கு ஆண்டுக் கதையைச் சொல்லிச் சொல்லி நானே வளர்த்தது என்பதால், அதைக் கலைப்பது சுலபமாக இல்லை. கடைசியில் பதினாறு பேரையும் படியிறக்கிக் கூட்டிப்போனேன். கருப்புக் கண்ணாடியோடு டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நான் முன்னால். முதலில் தூணையும் பம்பரையும் காட்டினேன். தின்னர் எதற்கு என்று சொன்னேன். பிறகு பானட்.

“அப்ப இது எப்படி ஆச்சுங்க?” என்றார் மருதாசலம்.

“வெள்ளிக்கிழமை திருநீறு. சனிக்கிழமை காஞ்ச பனியன். நான் தேய்ச்சதுதான்.”

பன்னிரண்டாம் எண் வீட்டுக்காரர் என் பக்கத்தில் வந்து தணிந்த குரலில் கேட்டார்.

“சார், காஞ்ச துணியில தொடைச்சாலா?”

“ஆமாங்க.”

அவர் டார்ச்சைக் கேட்டு வாங்கிக்கொண்டு தன் வண்டியை நோக்கிப் போனார். பின்னாலேயே இன்னும் நான்கு பேர் போனார்கள். மருதாசலத்தின் வண்டி கருப்பு. அவர் போகவில்லை, நின்ற இடத்திலிருந்தே அதைப் பார்த்தார்.

மறு ஓட்டெடுப்பைக் கீழேயே நடத்தினேன். ராக்கியப்பன் தொடர்கிறார். ஆப் இல்லை. மருதாசலம் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “நல்லதுங்க. ஆனா விதின்னு ஒண்ணு இருக்குதுங்களே. தூணு.”

“இருக்குதுங்க,” என்றேன்.

ஜனவரி 4, சனி

நேற்று வண்டிக்குத் திருநீறு வைத்தேன். ஒரே இடத்தில், பானட் நடுவில், சிறியதாக. இன்று காலை ராக்கியப்பனைக் கூப்பிட்டு, “இதையும் நீங்களே தொடைச்சுருங்க,” என்றேன்.

அவர் ஒரு மக்குத் தண்ணீரை மெதுவாக ஊற்றினார். திருநீறு தானாகவே கரைந்து வழிந்து போனது. அதன்பிறகுதான் துணியை வைத்தார். மேலிருந்து கீழே, நேராக, ஒரே இழுப்பு.

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதானுங்க சார்.”

“இத்தனை நாள் இதைச் சொல்லியிருக்கக் கூடாதா?”

“நீங்க தொட உட்டதில்லீங்களே.”

இடது கண் ஆபரேஷன் வரும் வியாழக்கிழமை. அதற்கு அடுத்த மாதம்தான் வண்டி ஓட்டலாமாம். சென்சாரை மறுபடி இணைக்கச் சொல்லியிருக்கிறேன்.

வாட்ச்மேன் அறைக்குப் பக்கத்தில் இருக்கிற நோட்டீஸ் போர்டை இன்று பரிசோதித்தேன். அதன் கண்ணாடியை நான்கு வருடங்களாக ராக்கியப்பன்தான் துடைக்கிறார். டார்ச் அடித்து, சாய்த்து, வலது கண்ணால் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. என் பெயர் மிகத் தெளிவாகத் தெரிகிறது.